ஊப்பே தீவில் விட்டுவந்த முட்டைகள்

கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அது வேறு விஷயம். அவர்கள் பேசியது மலாய். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த மலாய், கடையில் அரிசியும் உப்பும் கேட்டு வாங்கப் போதும், அவ்வளவுதான். என் கணவர் வீட்டார் மலாக்கா செட்டிகள். கோயில் உண்டு, விபூதி உண்டு, வாசலில் மாவிலைத் தோரணம் உண்டு, தமிழ் மட்டும் இல்லை. பல தலைமுறைக்கு முன்னாலேயே அதை எங்கோ இறக்கி வைத்துவிட்டார்கள். சாமியிடம் முறையிடுவதுகூட மலாயில்தான். முதல் வெள்ளிக்கிழமை என் மாமியார் அப்படி வேண்டிக்கொண்டதைக் கேட்டு நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். மாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. எனக்கோ மூக்கின்மேல் கோபம். அவர் முகத்தைத் திருப்பினால் நான் முதுகைத் திருப்புவேன்.

என் கணவர் நல்லவர், ஆனால் காலையில் அலுவலகம் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். அவருக்கும் தமிழ் அரைகுறை. நான் அடுப்படியில் ஊமை மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்த ஒரே ஆள் என் மாமனார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொஞ்சம் தமிழ்ச் சொற்கள் மிச்சம் இருந்தன. பெரும்பாலும் சாமான்களின் பெயர்கள். எனக்காக அவற்றைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வருவார். "மருமக, தண்ணி. மருமக, மழை. நல்ல மழை." பதிலுக்கு நான் ஒரு பாட்டம் தமிழில் கொட்டித் தீர்ப்பேன். பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு முழுதும் கேட்பார்.

ஊப்பே தீவுக்கு என்னை முதலில் அழைத்துப் போனவர் அவர்தான். லிம்போங்கான் கடற்கரையில் நின்றால் தெரியும் குட்டித் தீவு அது. அவருடைய பழைய சிநேகிதர் ஒரு மலாய்க்காரர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், அந்தத் தீவில் ஆமை முட்டை எடுப்பதற்கு அனுமதி வாங்கி வைத்திருந்தார். மாமாவுக்கு ஆமை முட்டை என்றால் உயிர். பருவம் தொடங்கியதும் சந்தைக்கு வரும்வரை பொறுக்க மாட்டார், தீவுக்கே போய்விடுவார். "மருமக, வா. கடல்," என்றார் ஒருநாள். வெயிலில் கறுத்துப் போவாள் என்று மாமி தடுத்தார். அதற்காகவே நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினேன்.

போன இடத்தில் மாமா பாக்சிக்கோடு கொஞ்ச நேரம் பேசுவார், ரோக்கோ இலைச் சுருட்டு ஒன்று பிடிப்பார், பிறகு புங்க மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். நான் தீவைச் சுற்றி வருவேன். அங்கே எந்த மொழியும் தேவைப்படவில்லை. உயரமான ஒரு மரத்தின் உச்சியில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஜோடி ஒன்று விறகுக் கட்டு போலக் கூடு கட்டியிருந்தது. ஒன்று கடல் பாம்பைக் காலில் தொங்கவிட்டுக்கொண்டு வரும். மற்றது கூட்டிலிருந்தே கத்திக் கத்தி வரவேற்கும். அது வரவேற்பா வசவா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. எப்போதோ கல் வெட்டியெடுத்த பழைய குழிகளுக்குள் உடும்புகள் கிடக்கும். செம்மண் நிறக் கல்லின்மேல் வயிற்றைப் பரப்பி வெயில் காயும். நான் அசையாமல் உட்கார்ந்தால் என்னைச் சுற்றிக்கொண்டு போய் மணலில் நண்டு தோண்டும். நாள் பூராவும் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாதவள் அங்கே மட்டும் எப்படி அப்படி இருந்தேனோ.

திரும்பும்போது மாமா எழுந்து கேட்பார், "பட்சி பார்த்தியா?" எதைப் பார்த்தாலும் அவருக்கு அது பட்சிதான். உடும்பும் பட்சி. "பார்த்தேன் மாமா," என்பேன். அவருக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் முட்டைகளைத் தாமே வேகவைப்பார். ஆமை முட்டை எவ்வளவு வெந்தாலும் வெள்ளைக் கரு கெட்டிப்படாது. மேல் தோலைக் கிள்ளி, கொஞ்சம் உப்பும் மிளகும் போட்டு, வாயில் வைத்து அமுக்கிவிடுவார். எனக்கும் கொடுப்பார். நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. இங்கே எனக்குப் புண்ணியவதி வேஷம் வேண்டாம்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம், ஒரு மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எனக்கு அந்த வீட்டில் இருந்த தமிழ் அவரோடு போயிற்று. அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். மாமி எனக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் ஒழுங்காக மலாய் கற்றுக்கொண்டேன். வேறு யாரிடம் அவரைப் பற்றிப் பேசுவது?

அடுத்த பழக் காலம் வந்தது. செட்டி வீடுகளில் வருடத்துக்கு இரண்டு தடவை இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். பொங்கலுக்கு ஒன்று, பழங்கள் காய்த்துக் குலுங்கும்போது ஒன்று. வாழையிலை விரித்து, போனவர்கள் எதையெல்லாம் ஆசையாகச் சாப்பிட்டார்களோ அதையெல்லாம் வைத்து, கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். அவர்கள் ஆசைப்பட்டதில் ஒன்று குறைந்தாலும் பசியோடு எழுந்து போவார்கள் என்பது நம்பிக்கை. பொங்கல் சமயத்தில் ஆமை முட்டை கிடைக்காது, அதனால் அப்போது மாமாவின் இலையில் அது இல்லை. மாமி அதற்கு வருத்தப்பட்டு, "பழத்துக்குக் கண்டிப்பா வைப்பேன்" என்று படத்தின் முன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருடம் என்னவோ சந்தைக்கு முட்டையே வரவில்லை. மாமி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் சொன்னது மலாயில்தான், தமிழில் எழுதுகிறேன்.

"உனக்கு அந்தத் தீவு தெரியும். பாக்சிக்கையும் தெரியும். நீயும் என் பையனும் போய் வாங்கிட்டு வாங்க. உன் மாமா உன்னைத்தான் மகளா நினைச்சாரு. நீ கொண்டுவந்தா அவருக்குச் சந்தோஷமா இருக்கும்."

அவ்வளவு நீளமாக, அவ்வளவு இதமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. சரி மாமி, கட்டாயம் கொண்டுவருகிறேன் என்றேன்.

நானும் கணவரும் சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பாக்சிக்கின் அத்தாப்பு ஓலைக் குடிசையில் தங்கினோம். முட்டை கைவசம் இல்லை என்றார். காற்று சரியில்லை, ஆமைகள் கரையேறவில்லை. விடியும் சமயத்தில் அவரே வந்து எழுப்பினார். ஒன்று ஏறியிருக்கிறது, சத்தம் போடாமல் வாருங்கள் என்றார். அத்தனை தடவை அந்தத் தீவுக்குப் போனவள், முட்டையிடும் ஆமையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. முட்டையைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் கூடையில்.

அலுங்காமை. கிளி மூக்கு, ஓடு வேய்ந்த கூரை போல அடுக்கடுக்கான முதுகு. பின்னங்கால்களால் குழி பறித்துக்கொண்டிருந்தது. அந்தக் கால் ஒன்றும் லேசானதல்ல, ஆனால் அது மணலை அள்ளி எடுத்து ஓரமாக வைத்த பக்குவம் இருக்கிறதே, குழந்தைக்குச் சோறு அள்ளுவது போல இருந்தது. பிறகு முட்டைகள் விழ ஆரம்பித்தன. எலுமிச்சம்பழ அளவில், வெள்ளையாக, ஈரமாக. ஒவ்வொரு தடவையும் உடம்பே குலுங்கியது. மூச்சு விடும்போது வயதான மனிதர் பெருமூச்சு விடுவது போலக் கேட்டது. கண்ணிலிருந்து நீர் கோழையாக ஒழுகியது. அது அழுகை இல்லை, உப்பை வெளியேற்றுகிறது என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. எனக்கு எதிரே, குழிக்கு அந்தப் பக்கம், பாக்சிக் கூடையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத் திருட வந்தவள் போலக் கூசியது.

ஆமை குழியை மூடிற்று, வயிற்றால் அமுக்கிற்று. பிறகு சுற்றுவட்டாரம் முழுக்க மணலை வீசி வீசி அடையாளத்தை அழித்தது. என் புடவையெல்லாம் மணல். எங்கள் மூன்று பேர் கண்ணெதிரில் அது ஒளித்துவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, இழுத்து இழுத்துக் கடலுக்குப் போயிற்று. பாக்சிக் எழுந்து வந்தார்.

"இது அர்வாவுக்கு," என்றார். அர்வா என்றால் இறந்துபோனவர். "அவர் என் கூட்டாளி. இந்தக் குழிக்கு விலை பேச வேணாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாம்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கணவர் என்னைப் பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கே. மறந்துட்டியா?" என்றார்.

"மறக்கல. இந்த ஒரு குழிய விட்டுருவோம். மாமா கோவிச்சுக்க மாட்டாரு."

"எனக்குத் தெரியாது லா. நீயே பேசிக்க."

மாமா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எதை வைத்துச் சொன்னேன்? அவர் உயிரோடு இருந்தால் இருவரும் உட்கார்ந்து அந்த முட்டைகளைத் தின்றிருப்போம். எனக்கு அப்போது வந்த இரக்கத்துக்கு அவரைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேன். பாக்சிக் ஒன்றும் வாதாடவில்லை. உங்களுக்குக் கொடுத்தது, உங்கள் விருப்பம் என்றார். குஞ்சு வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை உடும்புக்குத் தப்பினால் பார்க்கலாம் என்றும் சொன்னார். நாங்கள் குழியின்மேல் தென்னை மட்டைகளைப் போட்டு, கல் குழியிலிருந்து கற்களைச் சுமந்து வந்து சுற்றி அடுக்கினோம். எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை. படகில் வரும்போது கடலில் இருப்பதெல்லாம் என் தயவில் நீந்துவது போலப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெருமை வீட்டு வாசல்படி வரைதான். மாமி பானையில் தண்ணீர் வைத்துக் காத்திருந்தார். "முட்டை எங்கே?" என்றார். என் கணவர், மகராசன், "அவதான் வேணாம்னுட்டா," என்று சொல்லிவிட்டு நழுவிக் குளிக்கப் போய்விட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாயில் அந்த ஆமையின் மூச்சையும் கண்ணீரையும் எப்படிச் சொல்வது? "அது பாவம் மாமி" என்பதுதான் வாயில் வந்தது. மாமி திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தொலைத்திருப்பேன். அவர் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தார்.

பார்ச்சு அன்று இலைகளை விரித்தோம். மாமாவின் இலையில் நாசி லெமாக், சம்பல், கோழிக் குழம்பு, வறுத்த மீன், டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், அவர் பிடித்த சுருட்டு, எல்லாம் இருந்தன. வாத்து முட்டையாவது வைக்கலாமே என்று நான் அவித்துக் கொண்டுபோனேன். மாமி வேண்டாம் என்று கையால் தடுத்தார். இலையின் வலது மூலையில் கையகல இடத்தைக் காலியாகவே விட்டார். சாம்பிராணி போட்டார்கள். ஒவ்வொருவராகக் கும்பிட்டு வெளியே வந்தோம். மாமி மட்டும் கடைசியாக நின்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் பேசியது கேட்டது.

"மன்னிச்சுக்குங்க. இந்தத் தடவையும் முட்டை இல்ல. உங்க மருமகளுக்கு ஆமைமேல பாசம் வந்திருச்சு. உங்கமேல இருந்ததுதான் அங்க போயிருச்சு போல."

மலாய் புரியாத காலமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். உள்ளே ஓடிப்போய் அவர் காலில் விழலாமா என்று இருந்தது. ஆனால் கதவைச் சாத்திய பிறகு யாரும் உள்ளே போகக் கூடாது.

அதன்பின் மாமிக்குக் கனவு வர ஆரம்பித்தது. மாமா வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாராம். பேசுவதில்லையாம். தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாராம். காலையில் கோப்பி ஊற்றும்போது, வானிலை சொல்வது போல, இதை என்னிடம் சொல்வார். குற்றம் சாட்டும் தொனிகூட இருக்காது. அதுதான் என்னைக் கொன்றது. அவர் சாப்பாடு குறைந்தது. பிள்ளைகள் யாராவது முட்டை பொரித்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். கன்னம் ஒட்டிப்போய், கெபாயாச் சட்டை தோளில் தொங்கியது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்தக் குழியிலிருந்து குஞ்சுகள் வர வேண்டும். வந்துவிட்டால் மாமியிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கும். பாருங்கள் மாமி, வீணாகவில்லை, மாமா பேரால் இத்தனை உயிர் கடலுக்குப் போயிற்று என்று சொல்லலாம். ஞாயிறு தவறாமல் தீவுக்கு ஓடினேன். கழுகையும் பார்க்கவில்லை, நண்டையும் பார்க்கவில்லை. மட்டை விலகியிருக்கிறதா, கல் நகர்ந்திருக்கிறதா, அவ்வளவுதான். முன்பு ஆசை ஆசையாகப் பார்த்த உடும்பு எதிரே வந்தால் கல்லெடுத்து விரட்டினேன். பார்க்கப் போனவள் காவல்காரியாகிவிட்டேன்.

நான் திரும்பி வரும்போதெல்லாம் மாமி வாசலில் நிற்பார். "வந்திருச்சா?" என்பார். இன்னும் இல்லை என்பேன். உள்ளே போய்விடுவார். முதலில் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை, அவரும் உண்மையாகவே காத்திருந்தார்.

மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்து, தெருவெல்லாம் காகிதக் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த வாரம், மாமி தானும் வருகிறேன் என்றார். கடலுக்குப் பயந்தவர். மாமா இத்தனை வருடம் கூப்பிட்டும் சம்பான் படகில் கால் வைக்காதவர். "அவருக்குக் கொடுக்காம வச்சது என்ன ஆச்சுன்னு நான் என் கண்ணால பாக்கணும்," என்றார். படகில் ஏறியதிலிருந்து என் மணிக்கட்டை விடவில்லை. அவர் நகம் பதிந்த தடம் சாயங்காலம்வரை இருந்தது. வழியெல்லாம் நான் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும், தமிழிலும் மலாயிலும், வேண்டிக்கொண்டு போனேன்.

கரையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. மட்டைகள் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தன. கற்களுக்கு அடியில் பக்கவாட்டில் பறித்து உடும்பு உள்ளே போயிருந்தது. குழியைச் சுற்றி முட்டைத் தோல்கள், உரித்துப்போட்ட லங்சாட் பழத் தோல் போலச் சுருண்டு கிடந்தன. அந்தக் காலையில்தான் நடந்திருக்க வேண்டும். மணலில் நகத் தடங்களும், நடுவில் வால் இழுத்த கோடும் அழியாமல் புதருக்குள் போயின. மாமாவுக்கும் இல்லை, ஆமைக்கும் இல்லை. நான் என்னதான் செய்தேன்?

"மாமி," என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

மாமி என் கையை விட்டார். மெல்லக் குனிந்து குழியைப் பார்த்தார். ஒரு தோலை எடுத்து விரலால் தடவினார். தடத்தைப் பார்த்தார், அது போன புதரைப் பார்த்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தை நான் மாமா போனதிலிருந்து பார்க்கவில்லை.

"உன் மாமா வந்து சாப்பிட்டுட்டாரு," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பாரு, ஒண்ணு மிச்சம் வைக்கல. அவரு எப்பவும் அப்படித்தான். எங்க வச்சாலும் தேடி வந்திருவாரு." சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். இலையில கொஞ்சம் வச்சிருப்போம். நீ முழுசா அவருக்குன்னே விட்டு வச்சே. நல்ல மருமக நீ."

அவர் புதரைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடினார். அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். குழி விளிம்பில் ஒரு முட்டை பாதி கிழிந்து கிடந்தது. உள்ளே இருந்த குஞ்சுக்குத் துடுப்பு, கண், முதுகில் அடுக்கு ஓடு, எல்லாம் வந்திருந்தன. இன்னும் ஓரிரு நாள் இருந்திருந்தால் போதும். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மாமி கண்ணைத் திறப்பதற்குள் நான் காலால் மணலைத் தள்ளி அதை மூடினேன்.

"என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமி," என்றேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் அந்த இடத்தைவிட்டுக் காலை எடுக்காமல் நின்றேன்.